பிரம்மாண்டமான எறும்பு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளுக்குச் சில சொற்களைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு சொல்லுக்கு அவள், ‘எங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு பிரமாண்டமான எறும்பு இருந்தது’ என்று எழுதினாள். ஆசிரியர் மூன்று இடத்தில் சிவப்பு மை வைத்தார். ‘பிர’வுக்கும் ‘மா’வுக்கும் நடுவில் ஒரு ‘ம்’ செருகினார். ‘வீட்டுச் சமையலறையில்’, ‘எறும்பு’ இரண்டையும் அடித்துவிட்டு ‘ஊரில்’, ‘கோயில்’ என்று எழுதினார். நீங்கள் அகராதியைப் புரட்டினீர்கள். ‘மிகப் பெரியது’ என்று போட்டிருந்தது. மிகப் பெரிய எறும்பு என்று சொல்லலாம் என்றால் பிரம்மாண்டமான எறும்பு என்று ஏன் சொல்லக்கூடாது என்பது உங்கள் கேள்வி. கூடவே, எந்த எழுத்து சரி, இது தமிழ்ச் சொல்தானா, இல்லையென்றால் தமிழில் வேறு சொல் இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்பது ஒரு எறும்பைப் பற்றி மட்டும் இல்லை. அகராதி இரண்டு சொல்லுக்கு ஒரே பொருள் சொன்னால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். வைக்க முடியாது. ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நான் தமிழ் படித்தவன். இருபத்தைந்து வருடமாகப் பதிப்பகங்களுக்குப் புரூஃப் பார்க்கிறேன். வடமொழி ஆசைக்குப் படித்தது. அதில் பண்டிதன் கிடையாது. ஆகவே இலக்கணமும் சொல்வரலாறும் வரும் இடத்தில் உறுதியாகப் பேசுவேன். ‘இப்படிச் சொன்னால் நன்றாக இல்லை’ என்று வரும் இடம் என் காது சொல்வது. அந்தக் காது திருச்சிப் பக்கம் வளர்ந்து சென்னையில் பழகியது. யாழ்ப்பாணத்துக்காரரோ நாகர்கோவில்காரரோ வேறு மாதிரி சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போகமாட்டேன்.

சொல் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. பிரம்ம, அண்டம் என்ற இரண்டு வடசொற்கள் சேர்ந்தது. வேத, அந்தம் சேர்ந்து வேதாந்தம் ஆவது போல, முதல் சொல்லின் கடைசி அகரமும் அடுத்த சொல்லின் முதல் அகரமும் கலந்து நெடிலாகி ‘மா’ வந்துவிட்டது. அண்டம் என்றால் முட்டை. பிரம்மாவின் முட்டை என்பதுதான் பிரம்மாண்டம். உலகம் ஒரு முட்டையிலிருந்து விரிந்தது என்பது மிகப் பழைய கற்பனை. சாந்தோக்ய உபநிடதத்தில் அந்த முட்டை ஒரு வருடம் கிடந்து இரண்டாகப் பிளக்கிறது. வெள்ளி ஓடு பூமியாகிறது, பொன் ஓடு வானமாகிறது. ஆக, பிரம்மாண்டம் முதலில் ஒரு பெயர்ச்சொல். அதற்கு ‘பெரிய’ என்ற பொருளே கிடையாது. மண்ணும் விண்ணும் நடுவில் உள்ள எல்லாமும் சேர்ந்த முழு உலகத்துக்கு அது பெயர்.

இந்தப் பழைய பொருள் செத்துப்போய்விடவில்லை. கோயில் பக்கம் போனால் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘அகிலாண்ட கோடி பிரம்மாண்ட நாயகி’ என்று ஒலிபெருக்கியில் கேட்டிருப்பீர்கள். அங்கே பிரம்மாண்டம் என்பது அடைமொழி இல்லை, எண்ணக்கூடிய ஒரு பொருள். கோடிக்கணக்கான உலகங்களுக்குத் தலைவி என்கிறார்கள். லலிதா சகஸ்ரநாமத்தில் ‘அநேக கோடி பிரம்மாண்ட ஜனனி’ என்று ஒரு பெயர் வருகிறது. அந்த நூல் இருப்பதும் பிரம்மாண்ட புராணம் என்ற புராணத்தில்தான். திருவானைக்காவல் அம்மனின் அகிலாண்டேஸ்வரி என்ற பெயரிலும் அதே அண்டம் உட்கார்ந்திருக்கிறது. காலையில் அந்தக் கோயிலில் அண்டத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால், ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு ‘பிரம்மாண்ட திறப்பு விழா’ என்று ஒரு ஜவுளிக்கடைக்காரர் கூவிக்கொண்டு போகிறார். ஒரே சொல். நடுவில் பல நூற்றாண்டு தூரம்.

வீட்டுப் பேச்சில் இருக்கும் இன்னொரு உறவினரையும் காட்டிவிடுகிறேன். அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு என்கிறோமே, அந்த அண்டம் இதே அண்டம்தான். உலகத்து அளவு பொய். முட்டையிலிருந்து உலகம், உலகத்திலிருந்து ‘உலகத்து அளவு பெரிய’ என்று பொருள் நகர்ந்த பாதையை அண்டப்புளுகில் நேராகவே பார்க்கலாம். பிரம்மாண்டமும் அதே வழியில் வந்ததுதான். எந்த ஆண்டு மாறியது என்று கோடு போட்டுச் சொல்லும் சங்கதி இல்லை. இரண்டு பொருளும் பக்கத்தில் பக்கத்தில் வெகுகாலம் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

அக்கம்பக்கத்து மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இந்தியில் இந்தச் சொல் இடத்தைவிட்டு நகரவே இல்லை. அங்கே பிரம்மாண்டம் என்றால் இன்றும் பிரபஞ்சம்தான். பள்ளி அறிவியல் புத்தகத்தில் வரும் சொல். ஒரு மாளிகையைப் பார்த்து வியக்க ‘பவ்ய’ என்று அவர்களுக்கு வேறு சொல் இருக்கிறது. தெலுங்கு எதிர்த் திசையில் ஓடிவிட்டது. தெலுங்குக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, சாம்பார் ‘பிரம்மாண்டங்கா உந்தி’ என்று சொல்லலாம். அளவே போய்விட்டது, ‘ரொம்ப நன்றாக இருக்கிறது’ மட்டும் மிச்சம். தமிழ் நடுவில் நிற்கிறது. நமக்கு அளவும் வேண்டும், அசத்தலும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் சொல் நொண்டும். உங்கள் மகளின் எறும்பு தடுக்கி விழுந்தது இங்கேதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

தெலுங்குக்காரர் சாம்பாருக்குச் சொன்னதை நாம் ‘பிரமாதம்’ என்போம். பிரமாதமும் பிரமாண்டமும் ஒரே வேரா என்று பலர் கேட்பதுண்டு. இல்லை. பிரமாதத்துக்கு வடமொழியில் கவனக்குறைவு, தவறு என்று பொருள். தமிழுக்கு வந்து, விபரீதம், பெரிய விஷயம் என்றெல்லாம் சுற்றி, கடைசியில் பாராட்டாகிவிட்டது. ‘அது ஒன்றும் பிரமாதமில்லை’ என்னும்போது அந்த நடுப் பொருள் இன்னும் எட்டிப்பார்க்கிறது. பிரமிப்பு மூன்றாவது குடும்பம்: தலைசுற்றல், மயக்கம் என்ற பொருள் கொண்ட சொல்லிலிருந்து வந்தது, பிரமை அதன் தங்கை. வடமொழியில் இந்த மூன்றுக்கும் முதல் எழுத்தே வேறு. பிரமாதத்தில் வருவது ‘பல்’லில் வரும் ப. பிரம்மாண்டத்தில் வருவது ‘பஸ்’ஸில் வரும் ப. பிரமிப்பில் அந்த இரண்டாவது ப மூச்சுக்காற்றோடு வரும். தமிழ் எழுத்தில் மூன்றுக்கும் ஒரே ப தான். எழுத்தில் ஒரே வீட்டுக்குக் குடிவந்ததால் மூன்றும் சொந்தக்காரர்கள் போல ஆகிவிட்டன. பிரம்மாண்டத்தைக் கேட்டால் நமக்குப் பிரமிப்பும் ஞாபகம் வருகிறது. இந்தி பேசுகிறவர்களுக்கு அப்படி வர வழியில்லை. அளவோடு அசத்தலும் வேண்டும் என்று நம் காது கேட்பதற்கு இந்த அண்டை வீட்டுச் சகவாசமும் காரணம் என்பது என் ஊகம். ஊகம்தான், நிரூபிக்க முடியாது.

எழுத்துக்கு வருவோம். பிரமாண்டம், பிரம்மாண்டம் இரண்டும் சரி. வடசொல் தமிழுக்கு வரும்போது வடவெழுத்தை விட்டுத் தமிழ் ஓசைக்கு இணங்கி வரவேண்டும் என்பது தொல்காப்பியம் சொன்ன விதி: ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே’. அந்த வழியில்தான் பிரமன், பிரமதேவன் என்றெல்லாம் ஒற்றை மகரத்தோடு நம் செய்யுள்களில் வருகிறார். பிரமன் வந்தால் பிரமாண்டமும் வரலாம். பேச்சில் நாம் பிரம்மா என்று அழுத்திச் சொல்வதால் பிரம்மாண்டமும் வந்தது. பழைய கதைகளில் ‘பிரும்மாண்டம்’ என்றுகூடப் பார்த்திருக்கிறேன். புரூஃப் பார்க்கும்போது என் வழக்கம், ஒரு புத்தகத்துக்குள் ஒரே வடிவம். எழுதியவர் முதல் பக்கத்தில் எதை வைத்தாரோ அதையே கடைசிவரை காப்பாற்றுவேன். இந்தப் பதிலில் இரண்டு ‘ம்’ போடுகிறேன். அது என் கைப்பழக்கம், வேறொன்றுமில்லை.

இன்னொரு தப்பையும் இங்கேயே கழித்துவிடலாம். பிரம்ம, மாண்டம் என்று பிரித்து, மாண்ட என்றால் மாட்சிமை பொருந்திய என்று பொருள், ஆகவே இது தமிழ் என்று விளக்கம் சொல்கிறவர்கள் உண்டு. ஆசை நல்ல ஆசைதான். ஆனால் பிரிப்பு தவறு. ‘மாண்ட’ என்ற சொல் தமிழில் நிஜமாகவே இருந்தது, அது வேறு விஷயம். ஏன் இன்னும் தலை நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் புறநானூற்றில் காரணம் சொல்கிறார்: ‘மாண்டஎன் மனைவியொடு மக்களும் நிரம்பினர்’. குணத்தில் சிறந்த மனைவி என்கிறார். இன்று மேடையில் இந்த அடியைப் படித்தால், பாவம், மனைவி இறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று முன்வரிசை உச்சுக்கொட்டும். திருக்குறளில் இதே வேர் இன்னும் அழகாக வருகிறது. தன் நிலையிலிருந்து மாறாமல் அடங்கி நிற்கிறவனின் தோற்றம் ‘மலையினும் மாணப் பெரிது’. காலத்தில் செய்த உதவி சிறிதே ஆனாலும் ‘ஞாலத்தின் மாணப் பெரிது’. மாண என்றால் அங்கே மிக என்று உரை எழுதுவார்கள். எனக்கு அந்த ‘மிக’ போதவில்லை. மாண்பு கலந்த மிகுதி அது. பெருமையும் அளவும் சேர்ந்த ஒரு சொல் வேண்டும் என்ற தேவை நமக்கு வடசொல் வருவதற்கு முன்பே இருந்திருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, பிரயோகத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் மையம் அதுதான். ‘மிகப் பெரிய’ என்பது ஒப்பிட்டுச் சொல்கிற சொல். எறும்புகளில் பெரியது, கத்தரிக்காய்களில் பெரியது, தப்புகளில் பெரியது என்று ஒவ்வொன்றையும் அதன் கூட்டத்தோடு நிறுத்தி அளக்கும். அதனால் எதற்கும் பொருந்தும். பிரம்மாண்டமான என்பது அந்தக் கூட்டத்தைப் பார்ப்பதே இல்லை. பார்க்கிற ஆளைத்தான் அளக்கிறது. அதன் முன்னால் நிற்கும்போது நான் சின்னவனாகிவிட்டேன் என்ற உணர்ச்சி இருந்தால்தான் அந்தச் சொல் வாயில் வரும். கன்னியாகுமரியில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை, பீடத்தோடு சேர்ந்து 133 அடி. கரையில் நின்று சுண்டல் தின்றுகொண்டு பார்க்கும்போது, ‘பெரிய சிலை’ என்போம். படகில் போய் இறங்கி, 38 அடிப் பீடத்தின் அடியில் நின்று கழுத்தை வளைத்து அண்ணாந்து பார்க்கும்போது அதே சிலை பிரம்மாண்டம். சிலை ஒரு அங்குலமும் வளரவில்லை. நாம் குறைந்தோம்.

முட்டைக் கதையை மறுபடி நினைத்துப் பாருங்கள். பிரம்மாண்டத்தை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது, ஏனென்றால் நாம் எல்லாரும் அதற்குள் இருக்கிறோம். அந்த ஞாபகம் சொல்லுக்குள் எங்கோ தங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன். நம்மைச் சூழ்ந்து விழுங்குகிற பொருள்களுக்கு இது மிகப் பொருத்தமாக உட்காருகிறது. ராமேஸ்வரத்து மூன்றாம் பிராகாரத்தில் ஒரு முனையில் நின்று மறு முனையைப் பார்த்தால், தூண்கள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் ஒரு புள்ளியாகும். உயரம் என்று பார்த்தால் அது கோபுரத்துக்குப் பக்கத்தில் வராது. ஆனாலும் பிரம்மாண்டம் என்றுதான் வாயில் வருகிறது. மக்கள் கூட்டம், மாநாட்டுப் பந்தல், தேரோட்டம் எல்லாம் இந்த வகை. சினிமாவில் பிரம்மாண்டம் என்று பேச்செடுத்தால் பெரியவர்கள் 1948இல் வந்த ‘சந்திரலேகா’வின் முரசு நடனத்தில்தான் ஆரம்பிப்பார்கள். திரை முழுக்க முரசுகள், அவற்றின் மேல் ஆட்கள். தனி ஒரு முரசைக் காட்டியிருந்தால் பெரிய முரசு, அவ்வளவுதான்.

என் காது சொல்லும் இன்னொன்று: மனிதன் கூட்டியதும் கட்டியதும் பிரம்மாண்டத்துக்கு எளிதில் இடம் கொடுக்கின்றன. மாளிகை, மேடை, அரண்மனை, கல்யாணம், அணிவகுப்பு. கடலைப் பிரம்மாண்டம் என்று சொல்வது அபூர்வம்; பரந்த கடல் என்போம். மலையை ஓங்கிய மலை என்போம். ஆலமரத்துக்கும் யானைக்கும் பாறைக்கும் சொல்கிறோம், அது இயல்பாகவும் இருக்கிறது; அதனால் இதை விதி என்று தூக்கிப்பிடிக்கமாட்டேன். சாய்வு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எறும்புக்கு வேறு என்ன சொல்லலாம் என்றால் ‘ராட்சத எறும்பு’ என்று சொல்லலாம். ராட்சத என்பது தன் இனத்தின் அளவை மீறியதைச் சொல்லும், கொஞ்சம் பயமும் கலந்திருக்கும். ராட்சத அலை, ராட்சத ராட்டினம், ராட்சத கிரேன். ராட்சதக் கோயில் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பூதாகரம் பெரும்பாலும் பிரச்சினைகளுக்குப் போய்விட்டது. பூதம் போல வடிவெடுப்பது என்பதுதான் பொருள், விவகாரம் பூதாகரமாகிறது, மாளிகை ஆகாது. இமாலய என்பது வெற்றிக்கும் இலக்குக்கும் தவறுக்கும். 1919 சத்தியாகிரகத்தில் நடந்த பிசகை காந்தி இமாலயத் தவறு என்று சொன்னதில் அந்தத் தொடர் பிரபலமானது. இன்று ஒரு அணி 350 ரன் அடித்தாலே இமாலய இலக்குதான். ஆடம்பரம் பணத்தைப் பார்க்கிறது, லேசாக முகமும் சுளிக்கிறது. வடமொழியில் அதற்கு முரசு, பெருஞ்சத்தம் என்று பொருள் உண்டு என்பது எனக்குப் பிடித்த தகவல். கல்யாணம் பிரம்மாண்டமாக நடந்தது என்றால் பாராட்டு. ஆடம்பரமாக நடந்தது என்றால் சொன்னவருக்குப் பந்தியில் இடம் கிடைக்கவில்லை.

கம்பீரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதிகம் குழம்புவது இங்கேதான். கம்பீரத்துக்கு மூலப்பொருள் ஆழம். ஆகவே அதற்கு உடல் அளவு வேண்டியதில்லை. குரல் கம்பீரமாக இருக்கும், நடை கம்பீரமாக இருக்கும், ஒரு சேவல்கூடக் குப்பைமேட்டின் மேல் கம்பீரமாக நிற்கும். பிரம்மாண்டமான குரல் என்று எழுதினால் நான் அடித்துவிடுவேன். பிரம்மாண்டமான சேவலையும் அடித்துவிடுவேன். இரண்டும் ஒன்றுசேரும் இடங்களும் உண்டு: கோபுரம் பிரம்மாண்டமாகவும் இருக்கும், கம்பீரமாகவும் இருக்கும். அப்போது எழுதுகிறவர் எதைச் சொல்ல வருகிறார் என்று அவரே முடிவெடுக்க வேண்டும். இரண்டையும் அடுக்குவது பெரும்பாலும் முடிவெடுக்கத் தெரியாததன் அடையாளம்.

இலக்கணத்தில் சொல்ல அதிகமில்லை. நல்ல, பெரிய, சிறிய, புதிய என்று நேரடியாகப் பெயருக்கு முன்னால் நிற்கும் சொற்கள் தமிழில் குறைவு. மற்றபடி பெயரோடு ‘ஆன’ சேர்த்துப் பெயரடை செய்வோம், ‘ஆக’ சேர்த்து வினையடை செய்வோம். பிரம்மாண்டமான மண்டபம், மண்டபத்தைப் பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். சுவாரசியம் மூன்றாவது வடிவத்தில் இருக்கிறது. ‘பிரம்மாண்ட’ என்று வெட்டி ஒட்டுவது. மரம், கிளை சேர்ந்து மரக்கிளை ஆவது போல மகரம் போய் ஒற்று மிகும். பிரம்மாண்டப் பேரணி என்று எழுதுவது முறை. செய்தித்தாள்கள் அந்தப் ‘ப்’பை எப்போதோ கைவிட்டுவிட்டன. ‘பிரம்மாண்டமான’ என்பதற்கும் ‘பிரம்மாண்ட’ என்பதற்கும் பொருளில் ஒரு இடைவெளி உண்டு. பெரிய செலவில் பெரிய அரங்கம் போட்டுப் படம் எடுக்கிறவரைப் ‘பிரம்மாண்ட இயக்குநர்’ என்கிறார்கள். பிரம்மாண்டத்தை இயக்குகிறவர் என்று எல்லாருக்கும் புரிகிறது. அதையே ‘பிரம்மாண்டமான இயக்குநர்’ என்று எழுதிப்பாருங்கள். மனிதர் வாசலில் நுழைய முடியாமல் நிற்பார்.

‘மிகவும் பிரம்மாண்டமான’ என்று எழுதலாமா என்று அடுத்தபடி கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். இலக்கணம் தடுக்காது. ஆனால் பிரபஞ்சத்தைக் கொண்டுவந்து வைத்தபிறகு அதன் தலையில் ஒரு ‘மிகவும்’ எதற்கு? அந்தச் சொல் தேய்ந்துவிட்டது என்று எழுதுகிறவருக்கே தெரிந்துவிட்டது, அதனால்தான் முட்டுக்கொடுக்கிறார். தேய்ந்தது நிஜம். பிரம்மாண்ட தள்ளுபடி, பிரம்மாண்ட கண்காட்சி, பிரம்மாண்ட பிரியாணி விருந்து. முச்சந்தியில் ஐம்பது நாற்காலி போட்டால் ‘மாபெரும் பொதுக்கூட்டம்’ ஆவது போலத்தான் இதுவும். ஒருமுறை மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று புரூஃபுக்கு வந்தது. கிராண்ட் என்று மூலத்தில் வந்த இடமெல்லாம் பிரம்மாண்டமான என்று போட்டுக்கொண்டே வந்திருந்தார் மொழிபெயர்ப்பாளர். ஒரு வீட்டுக் கூடத்தில் சின்னப் பெண் ஒருத்தி ‘பிரம்மாண்டமான பியானோ’ வாசித்தாள். அது கிராண்ட் பியானோ என்ற வாத்திய வகை என்பது எனக்கு நாற்பது பக்கம் கழித்துத்தான் உறைத்தது. அதுவரை நானும் அந்தக் கூடத்தை ஒரு அரண்மனையாகவே நினைத்துப் படித்திருக்கிறேன். தப்பில் எனக்கும் பங்கு உண்டு.

அடைமொழியே இல்லாமல் நிற்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். தஞ்சாவூர்க் கோயிலை முடித்தது 1010இல். தமிழ்நாட்டில் பிரம்மாண்டம் என்ற சொல்லுக்குப் படம் வரையச் சொன்னால் பாதிப் பேர் அந்த விமானத்தைத்தான் வரைவார்கள். கட்டிய ராஜராஜன் அதைப் பற்றிக் கல்வெட்டில் சொன்னது, ‘நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி’. நாம் எழுப்பிய திருக்கோயில், கல்லில் ஆனது. அவ்வளவுதான். அளவைப் பற்றி அந்த இடத்தில் ஒரு அடைமொழி கிடையாது. ஊர்க்காரர்களும் அதைப் பெரிய கோயில் என்றார்கள்; ‘மிக’ கூடச் சேர்க்கவில்லை. உள்ளே இருக்கும் சாமி பெருவுடையார், வடமொழியில் பிரகதீஸ்வரர். பிரகத் என்றால் பெரிய. பிரம்மம் என்ற சொல்லும் பெருகுதல், வளர்தல் என்ற அதே வேரிலிருந்து வந்தது என்று வடமொழி உரையாசிரியர்கள் சொல்வார்கள்; இன்றைய மொழியியலார் எல்லாரும் அதை ஏற்பதில்லை. ஏற்றுக்கொண்டால் பிரகதீஸ்வரரும் பிரம்மாண்டமும் ஒரே கிளையில் தொங்குகிறார்கள்.

தமிழில் வேறு சொல் இருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். தொல்காப்பியத்து உரியியலில் ‘தடவும் கயவும் நளியும் பெருமை’ என்று மூன்று சொல் ஒரே அடியில் கிடக்கின்றன. ‘வியல் என் கிளவி அகலப் பொருட்டே’ என்று இன்னொன்று. விரிநீர் வியனுலகம் என்று வள்ளுவர் எடுத்தாண்டது அதைத்தான். இவற்றில் எதையும் ஏழாம் வகுப்பு நோட்டில் எழுதினால் ஆசிரியர் இன்னும் அதிகம் சிவப்பு மை செலவழிப்பார். இன்று கைக்கு வருவது மாபெரும், பெருமிதமான, பேருருவான முதலியவை. மா என்றாலும் பெரும் என்றாலும் பெரியது. இரண்டையும் சேர்த்து அழுத்தியதுதான் மாபெரும். பெருமிதம் மனிதர்களின் நிமிர்வுக்குப் போய்விட்டது. பிரம்மாண்டத்தின் இடத்தில் அப்படியே போய் உட்காரும் ஒரு தனித்தமிழ்ச் சொல் புழக்கத்தில் இல்லை என்பதே என் கருத்து. இல்லாததால்தான் பிரம்மாண்டம் இவ்வளவு பரவியது. வந்து இத்தனை காலமாகி, அண்டப்புளுகு வரை பெற்றுப்போட்டுவிட்ட சொல்லின் குடும்பத்தை வெளியூர் என்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

எறும்புக்குத் திரும்புகிறேன். ஆசிரியர் எறும்பை அடித்தது சரிதான். சமையலறையில் எறும்பைப் பார்த்து யாரும் அண்ணாந்து நிற்பதில்லை. ஆனால் ‘கோயில்’ என்று அவரே எழுதிக்கொடுத்திருக்க வேண்டாம். உங்கள் மகளிடம், பார்ப்பது யார் என்பதை மட்டும் மாற்றிப்பார்க்கச் சொல்லுங்கள். ‘எறும்பின் முன்னால் வெல்லக்கட்டி பிரம்மாண்டமாக நின்றது’ என்று எழுதினால் எறும்பும் அதே சமையலறையில் இருக்கும், சொல்லும் சரியாக உட்காரும். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறார். நூற்றொரு கோடிக்கு மேல் விரிந்த அண்டங்களையெல்லாம், வீட்டுக்குள் நுழையும் வெயில் கீற்றில் மிதக்கும் தூசு அளவுக்குச் சிறிதாக்கி, அதற்கு மேல் ஒருவனைப் பெரியோன் என்றார். எறும்புக்கு வெல்லத்தைப் பெரிதாக்குவது அதைவிடச் சுலபமான வேலை, ஏழாம் வகுப்பிலேயே முடியும்.

செருகிய அந்த ‘ம்’ மட்டும் தேவையில்லாதது. அவள் எழுதிய ‘பிரமாண்டமான’ சரியான வடிவம். அந்த ஒரு மதிப்பெண்ணை ஆசிரியரிடம் மரியாதையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.